சும்மா ஓடாது சைக்கிள்!

பேரையூரில் மலையேறும் கரண்ட் சைக்கிள் வைத்திருப்பவனைப் பார்த்தால் டீக்கடையில் முதல் கேள்வி, "லைசென்ஸ் இருக்கா?"

வேண்டாம் சார்! மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் இருந்தால் லைசென்ஸும் கிடையாது, ஆர்.சி.யும் கிடையாது.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 360 வாட்-அவர். முழு சார்ஜுக்கு அரை யூனிட் கரண்ட்கூட ஆகாது.

"அப்ப சும்மாதான் ஓடுதுன்னு சொல்லுங்க தம்பி!" என்றார் ஒரு பெரியவர்.

அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். தேய்மானம் என்று ஒன்றை மறந்துவிட்டார்! லித்தியம் பேட்டரி சார்ஜுக்கு சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாய் பலம் இழக்கும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். புதுசு வாங்கப் போனால் சாதா சைக்கிள் விலையைத் தாண்டும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு அதோடு போச்சு!

அதனால் சாப்டூர் வரை போய் வந்தால் சுடச்சுட சார்ஜரில் மாட்டுவதில்லை. பேட்டரி நிழலில் ஆற வேண்டும். பல நாள் ஓட்டாவிட்டால் பாதி சார்ஜில் வைக்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவக்கூடாது; ஈரத்துணிதான். கனமான வண்டி, மோட்டார் இழுவை வேறு... செயினும் பிரேக் கட்டையும் சீக்கிரம் தேயும்.

கருவேல முள் குத்தினால் பஞ்சர் கடைக்காரர் சிரிக்கிறார்: "கரண்டுல ஓடினாலும் காத்துலதானே தம்பி நிக்குது!"

சித்திரை வெயிலில் வீட்டின் குளுகுளு மூலை பேட்டரிக்கு, திண்ணை எனக்கு. என் தேய்மானத்தை யார் கணக்கு எழுதுவது?