உண்ணி சுவரில் இருக்கிறது, நாயை ஏன் விரட்டுகிறீர்கள்?

கொஞ்சம் நீளமான பதிவு. முப்பது வருடம் சயின்ஸ் பாடம் எடுத்தவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு காலையில் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். ஒரகடத்தில் ஷிப்ட் வேலை, வீடு இங்கே மறைமலை நகரில். "சார், பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போட்டிருக்கான். எங்க நாய் மேல ஒரே உண்ணி. வீட்ல கைக்குழந்தை இருக்கு. ராத்திரி வண்டியில கொண்டுபோய் சிங்கபெருமாள்கோயில் தாண்டி விட்டுட்டு வந்துடலாம்னு இருக்கேன். தப்பா சார்?"

தப்புதான். ஆனால் அவனாவது கேட்டான். ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்தில் கழுத்தில் பெல்ட்டோடு திரிகிற நாய்களைப் பார்க்கிறேன். அவற்றை விட்டுவிட்டுப் போனவர்கள் யாரையும் கேட்கவில்லை.

முதலில் அந்தச் செய்தியைப் பற்றிச் சொல்கிறேன். பத்திரிகைகள் "உண்ணிக் காய்ச்சல்" என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ் என்ற நோயை. அதைப் பரப்புவது உங்கள் நாயின் காதில் தொங்கும் உண்ணி அல்ல. புதர்களிலும் எலி நடமாடும் புல்வெளிகளிலும் இருக்கும் ஒருவகைச் சிலந்திப்பேனின் குஞ்சு. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. அது கடித்த இடத்தில் பலருக்கு சிகரெட் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு வரும். காய்ச்சலோடு அப்படி ஒன்று தெரிந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். டாக்சிசைக்ளின் என்ற மாத்திரையில் குணமாகிற நோய், தாமதித்தால் ஆபத்து. வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுங்கள், குப்பையை அகற்றி எலியை ஒழியுங்கள். நாயை விரட்டுவதால் இந்த நோய் போகாது. ஒரு வார்த்தையைச் சரியாக எழுதாததால் எத்தனை நாய்கள் தெருவுக்கு வந்தனவோ!

"அப்போ நாய் உண்ணியால மனுஷனுக்கு ஒன்னுமே வராதா சார்?" என்று யாராவது கேட்பீர்கள். வரலாம். இந்தியன் டிக் டைபஸ் என்று ஒரு காய்ச்சல் உண்டு, அதை நாய் உண்ணியும் பரப்பும். ஆகவே உண்ணியை ஒழிக்கத்தான் வேண்டும். எங்கே ஒழிப்பது என்பதுதான் கேள்வி.

வகுப்பில் கேட்பேனே, ஞாபகம் இருக்கிறதா? உண்ணிக்கு எத்தனை கால்? வளர்ந்ததற்கு எட்டு. அது சிலந்திக்குச் சொந்தம். தெள்ளுப்பூச்சிக்கு ஆறு கால். பழுப்பு நிற நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று முறைதான் நாய் மேல் ஏறும். குஞ்சாக ஒருமுறை, இளசாக ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் சில நாள் ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்துவிடும். மீதிக் காலமெல்லாம் உங்கள் சுவர் விரிசலில், கதவு நிலை இடுக்கில், கட்டிலுக்கு அடியில். பெண் உண்ணி அங்கேதான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் பிழைத்திருக்கும்.

இப்போது யோசியுங்கள். நாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள். சுவரில் இருக்கும் உண்ணிக்குப் பசிக்கும். நாய் இல்லை. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? எந்தக் குழந்தைக்குப் பயந்து நாயை விரட்டினீர்களோ, அந்தக் குழந்தைதான்!

தெள்ளும் அப்படியே. பூனையின் உடம்பில் இடும் முட்டை உதிர்ந்து மிதியடியிலும் மெத்தையிலும் விழும். கூட்டுக்குள் காத்திருக்கும் தெள்ளு, காலடி அதிர்வு கேட்டதும் வெளியே வரும். லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியதும் கணுக்காலெல்லாம் கடிபடுகிறோமே, அதனால்தான்.

அடுத்து மண்ணெண்ணெய், பினாயில், பயிருக்கு அடிக்கிற மருந்து. இதை எழுதக் கை நடுங்குகிறது. பல வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. கடைக்காரர் சொன்னார் என்று வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நானே அதைக் குளிப்பாட்டினேன். சாயங்காலம் வாயில் எச்சில் ஒழுகியது, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. விடிவதற்குள் போய்விட்டது. வாலாட்டிக்கொண்டேதான் என் முன்னால் வந்து நின்றது. ஊருக்கெல்லாம் விஞ்ஞானம் சொன்ன வாத்தியார் செய்த வேலை அது. கடைக்காரரைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவன் நான்தானே.

ஆகவே என் மேல் மரியாதை உள்ளவர்கள் இதைச் செய்யுங்கள்.

கால்நடை மருத்துவரிடம் காட்டி, எடைக்கு ஏற்ற மாத்திரையோ சொட்டு மருந்தோ வாங்குங்கள். ஒரு மாதம் வேலை செய்வதும் உண்டு, மூன்று மாதம் வேலை செய்வதும் உண்டு. நாய்க்கு வலிப்பு வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

ஒரு தடவை போட்டதும் நிறுத்தாதீர்கள். சுவரில் இருப்பவை ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். சில மாதம் விடாமல் போட்டால்தான் வம்சம் அறும். கூடவே விரிசலைச் சிமெண்டு வைத்துப் பூசுங்கள். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.

ஒட்டியிருக்கும் உண்ணியை முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள்.

நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்தால், ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். உண்ணி கடியால் நாய்க்கு வரும் எர்லிகியா, பபீசியா நோய்களாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரியும், சீக்கிரம் பிடித்தால் பிழைக்கும்.

"செலவாகுது சார்" என்கிறீர்கள். பைக்குக்கு மாதம் தவறாமல் ஆயில் பார்க்கிறீர்களே! அரசு கால்நடை மருத்துவமனைகள் எதற்கு இருக்கின்றன? பெரிய சிக்கல் என்றால் வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கிப் போய்விடலாம்.

இன்னொன்று. வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பயந்து வேண்டாம். அந்த நாய்க்கு வீடு என்றால் நீங்கள்தான், அதற்காக.

போன் செய்த தம்பி நாயை விடவில்லை. நேற்று சாயங்காலம் போட்டோ அனுப்பினான். நாய் வாசலில் படுத்திருக்கிறது, பின்னால் புதிதாகப் பூசிய சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது. அவனுக்கு நூற்றுக்கு நூறு.

அன்புடன்,
உங்கள் பழைய சயின்ஸ் சார்