மூணு வருஷம் யாரு பொறுப்பு?

"விவசாயிங்க எல்லாரும் இயற்கைக்கு மாறினா என்ன?" சென்னையில இருந்து பேசுற நண்பர்கள் எல்லாரும் இதைத்தான் கேக்காங்க. மாறலாம் சார். யூரியாவை நிறுத்துறது ஒரு நாள் வேலை. மண்ணு தெளியத்தான் வருஷக்கணக்காகும். அங்ககச் சான்றிதழ் விதியே தென்னை, மிளகு மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 3 வருஷ மாற்றக் காலம் கேக்குது. அதுவரை தக்கைப்பூண்டு விதை, மூடாக்கு, சாணி, கூலி எல்லாம் நம்ம தலையில. விளைச்சல் குறையும். முத்திரையும் கிடையாது. தென்னைக்கு நடுவுல வச்ச ஏத்தன் குலையைக் களியக்காவிளை சந்தைக்குக் கொண்டுபோனா, மருந்தடிச்ச குலையும் இதுவும் ஒரே விலைதான். தோலில் கறுப்புப் புள்ளி கண்டா வியாபாரி இன்னும் கொறைப்பாரு. (ருசி ரெண்டாம் பட்சம்!)

2021ல இலங்கை திடீர்னு ரசாயன உரத்தை நிறுத்திச்சு. நெல்லும் தேயிலையும் அடிவாங்க, நவம்பர்ல தடையை வாபஸ் வாங்கிட்டாங்க. அதைக் காட்டி இயற்கை விவசாயமே ஏமாத்துன்னு பேசுறவங்க, மண்ணுக்கு அவகாசமே குடுக்கலங்கிறதை மட்டும் விட்டுடுறாங்க.

பச்சை லேபிளுக்குக் கூடுதல் காசு குடுக்கத் தயாரா இருக்கீங்க, சந்தோஷம். லேபிள் வராத அந்த 3 வருஷம், புள்ளி விழுந்த குலையை அதே விலைக்கு எடுப்பீங்களா?