தண்டவாளத்தில் நொந்த கை. மரபணுவின் மீது பழி!

"உன் கை நோவு உன் பிறப்போடு வந்தது, எங்கள் வேலையால் வந்ததல்ல." இப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள வழி உண்டா என்று பார்ப்பதற்காக ஓர் இரயில்வேக் கம்பெனி, தன் தொழிலாளர்களின் இரத்தத்தை எடுத்தது. எடுத்த இரத்தம் எதற்கென்று அவர்களிடம் சொல்லவில்லை. நடந்தது அமெரிக்காவில். கம்பெனியின் பெயர் பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே. ஆண்டு 2000.

தண்டவாளத்தைப் பெயர்த்து மாற்றுவோர், கட்டையைப் பொருத்துவோர், சல்லியை இறுக்குவோர், இவர்கள் கையில் இருக்கும் கருவி எப்படி அதிரும் என்பதை நம் இரயில்வேத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்பும் நாரும் சேர்ந்த ஒரு குறுகலான வழி. விரலை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அந்த வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நாண்கள் வீங்கினால் நரம்பு நெரிபடும். விரல் மரத்துப் போகும். பிடித்த பொருள் நழுவும். நள்ளிரவில் ஊசி குத்துவதுபோல் வலித்து எழுப்பும். கார்ப்பல் டனல் நோய் என்று மருத்துவர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இரயில்வேத் தொழிலாளி வேலையில் காயப்பட்டால், 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கம்பெனி மீது வழக்குத் தொடுக்கலாம். கம்பெனியின் கவனக்குறைவை நிலைநாட்டினால் இழப்பீடு உண்டு. ஆகவே கை மரத்துப்போனவர்கள், "வேலையால் வந்த நோய் இது" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களைத்தான் கம்பெனி மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்தது. இரத்தம் போன இடம் ஒரு மரபணுச் சோதனைச்சாலை.

குட்டு எப்படி உடைந்தது? நெப்ராஸ்கா மாநிலத்துத் தொழிலாளி ஒருவர் மணிக்கட்டில் அறுவை செய்துகொண்டு, தேறி, வேலைக்கும் திரும்பியிருந்தார். அவரையும் அழைத்தார்கள். அவருடைய மனைவி செவிலி. கை நோவுக்கு இரத்தம் எதற்கு என்ற ஐயம் அந்த அம்மையாருக்கு எழுந்தது. தோண்டித் துருவியதில் உண்மை வெளிவந்தது. இரத்தம் தரமாட்டேன் என்றார் கணவர். வேலை போகும் என்று மிரட்டல் வந்தது. தொழிற்சங்கம் எழுந்தது, சம வேலைவாய்ப்பு ஆணையம் 2001 பிப்ரவரியில் நீதிமன்றம் ஏறியது. 2002 மே மாதத்தில் 36 தொழிலாளர்களுக்காக 22 லட்சம் டாலர் வரை கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது கம்பெனி. சட்டத்தை மீறவில்லை என்றுதான் கடைசிவரை சொன்னது. சோதனையைக் காட்டி எவரையும் வேலைநீக்கம் செய்ததற்கு ஆணையமும் சான்று காணவில்லை. அதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஆனால் ஒருவனுடைய இரத்தத்தை அவனுக்குத் தெரியாமல் படிக்க இவர்களுக்கு உரிமை கொடுத்தது யார்?

நம் கேள்வி அதோடு நிற்கவில்லை, தோழர்களே! அந்தக் கம்பெனியின் வாதம் அறிவியலாகவாவது நிற்குமா? அதைப் பார்ப்பதற்கு, மரபணு என்பது என்ன செய்கிறது, எப்படிச் செய்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பண்டிதர் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். தெரியாதவன் கையில்தான் வெற்றுத்தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவார்கள்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. பெரும்பாலான உயிரணுக்களின் நடுவே உட்கரு ஒன்று உண்டு. அதனுள் 46 இழைகள். 23 தந்தை தந்தவை, 23 தாய் தந்தவை. அவற்றை நீட்டி ஒன்றோடொன்று முடிந்தால் இரண்டு மீட்டர் நீளம் வரும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டுக்குள் இரண்டு மீட்டர்! இந்த இழைதான் டி.என்.ஏ. என்னும் நியூக்ளிக் அமிலம். இது முழுவதும் நான்கே எழுத்துக்களில் எழுதப்பட்டிருக்கிறது: ஏ, டி, ஜி, சி. தாய் தந்த பங்கில் ஏறக்குறைய 300 கோடி எழுத்து. தந்தை தந்த பங்கிலும் அதே கணக்கு. இந்த நெடும் ஏட்டில், புரதம் செய்யும் குறிப்பு அடங்கிய பகுதிகள் சுமார் 20,000. அவற்றையே மரபணு என்கிறோம்.

ஏடு உட்கருவை விட்டு வெளியே வராது. கணக்குப்பிள்ளை பெரிய பேரேட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் துண்டுச் சீட்டில் பெயர்த்துக் கொடுப்பதுபோல், வேண்டிய மரபணு மட்டும் படியெடுக்கப்படும். அந்தச் சீட்டு ஆர்.என்.ஏ. இதுவும் ஒரு நியூக்ளிக் அமிலமே. டி என்ற எழுத்துக்குப் பதிலாக யு என்று எழுதும். சீட்டு உட்கருவை விட்டு வெளியேறி, ரைபோசோம் என்ற பட்டறைக்குப் போகும். பட்டறை, சீட்டை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். படிக்கப் படிக்க, மணியோடு மணி கோப்பதுபோல் அமினோ அமிலங்கள் சேர்ந்து, நீண்டு, மடிந்து, புரதமாகும். 64 மூன்றெழுத்துச் சொற்களில் 61 சொற்கள் 20 வகை அமினோ அமிலங்களைக் குறிக்கும். மீதி மூன்றும் "நிறுத்து" என்று சொல்லும். தசை சுருங்குவதும், சோறு செரிப்பதும், இரத்தம் உயிர்க்காற்றைச் சுமப்பதும் இப்படிச் செய்யப்பட்ட புரதங்களின் உழைப்புத்தான்.

இந்த மூன்றெழுத்து அகராதியைப் படித்தறிந்தவர்களில் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா. இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில், ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே வாழ்ந்த ஊரில், நிலவரிக் கணக்கெழுதும் சிற்றூழியரின் மகனாகப் பிறந்தவர். அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் கிட்டத்தட்ட அவர்களுடையது ஒன்றுதான். அந்தப் பிள்ளைக்கு 1968இல் நிரன்பெர்க், ஹாலி ஆகிய இருவரோடு நோபல் பரிசு கிடைத்தது. அறிவு இன்ன குலத்துக்குத்தான் என்று அளந்து கொடுத்தவர்கள் இந்தப் பெயரைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம்.

இனி, நாம் சண்டை போட வேண்டிய இடத்துக்கு வருவோம். "மரபணு கட்டளையிடுகிறது, உயிரணு கீழ்ப்படிகிறது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. கேட்டால், ஏதோ மரபணு ஜமீன்தார்போலவும் உயிரணு பண்ணையாள்போலவும் தோன்றும். உண்மை வேறு. ஏடு தானாகப் பாடாது. டி.என்.ஏ.வைத் திறப்பது ஒரு புரதம். படியெடுப்பது ஒரு புரதம். மூடி வைப்பதும் புரதமே. எந்தப் பக்கத்தை எப்போது திறப்பது என்பதை உயிரணுவின் நிலைமையும் வெளியிலிருந்து வரும் செய்தியும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கண்ணில் உள்ள உயிரணுவுக்கும் கல்லீரலில் உள்ள உயிரணுவுக்கும் ஏடு ஒன்றே. திறந்திருக்கும் பக்கங்கள் வேறு வேறு. அதனால்தான் ஒன்று கண், மற்றொன்று கல்லீரல்.

இதை ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியவர்கள் பாரிசு நகரத்து ஜாக்கோபும் மோனோவும். குடலில் வாழும் ஒரு நுண்ணுயிரை வைத்துக்கொண்டு, 1961இல் கணக்கை முடித்தார்கள். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதிக்கு அந்த நுண்ணுயிரிடம் மரபணு இருக்கிறது. ஆனால் பால் சர்க்கரை இல்லாதபோது, ஒரு காவல் புரதம் டி.என்.ஏ. மீது உட்கார்ந்து படியெடுப்பைத் தடுத்துவிடும். சர்க்கரை வந்ததும் காவல் விலகும், நொதி உண்டாகும். மரபணு இருந்தது, இருக்கிறது. அழைத்தால்தான் வேலை செய்யும். 1965இல் ல்வோஃப் என்பவரோடு சேர்த்து இவர்களுக்கு நோபல் பரிசு. ஜாக்கோபும் மோனோவும் நாஜிகளை எதிர்த்துப் போரிட்டவர்கள். மோனோ கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். மரபணு என்பதே முதலாளித்துவப் பொய் என்று சோவியத்தில் லைசென்கோ முழங்கியபோது, 1948இல் பத்திரிகையிலேயே அதை மறுத்து எழுதியவர். மெய்யான விதையியல் அறிஞர் வாவிலோவ் 1943இல் சரட்டோவ் சிறையில் செத்ததை உலகம் மறக்கவில்லை. "எல்லாம் மரபணு" என்பவனும் பொய்யன். "மரபணுவே இல்லை" என்று மேடையில் கைதட்டல் வாங்கியவனும் பொய்யன். பின்னவனால் விளைந்த கேட்டை நம்மைப் போன்ற கட்சிக்காரர்கள் சத்தமாகவே சொல்ல வேண்டும்.

கம்பெனியின் வாதத்துக்குத் திரும்புவோம். அவர்கள் தேடியது, பதினேழாவது இழையில் உள்ள ஒரு மரபணு விடுபட்டிருக்கிறதா என்று. நரம்பைச் சுற்றி, மின்கம்பிக்கு உறை போட்டதுபோல், ஓர் உறை உண்டு. அந்த உறைக்கு வேண்டிய புரதம் ஒன்றைச் செய்வது இந்த மரபணு. நமக்குத் தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று என இரண்டு படி இருக்கும். மிகச் சிலருக்கு, சுமார் 15 லட்சம் எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்று விடுபட்டு, ஒரே படிதான் இருக்கும். அவர்களுடைய நரம்பு அழுத்தத்துக்கு எளிதில் இடங்கொடுத்துவிடும். அதே துண்டு ஒன்று கூடி மூன்று படி ஆகிவிட்டாலும் நோய்தான், ஆனால் வேறு நோய். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு!

இப்படி விடுபட்டவர்கள் எத்தனை பேர்? லட்சத்தில் சிலர். கார்ப்பல் டனல் நோயோ நூற்றில் சிலருக்கு வருவது. லட்சத்தில் சிலருக்கு உள்ள குறையைக் காட்டி, தண்டவாள வேலைக்காரர்களின் கை நோவை எப்படி விளக்குவாய்? அதிரும் கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, அணுவுக்குள் போய்க் குற்றவாளியைத் தேடுவதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

சரி, ஒரு தொழிலாளிக்கு அந்தக் குறை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அழுத்தம் வந்தால்தானே நரம்பு நெரிபடும்? அழுத்தம் கொடுத்தது யார்? மெல்லிய தோல் உள்ளவனுக்குக் கையுறை கொடுப்பதா, கூலியைப் பிடிப்பதா? சோதனையில் குறை தெரிந்தால், நல்ல கருவி கொடுக்கவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், வேறு வேலைக்கு மாற்றவும்தான் அது காரணமாக வேண்டும். நெற்றியில் எழுதிவிட்டான் என்று முன்பு சொன்னார்கள். அணுவில் எழுதியிருக்கிறது என்று வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு இப்போது சொல்லப் பார்க்கிறார்கள். அந்தத் தலையெழுத்தை யாரும் படித்துக் காட்டியதில்லை. இந்த எழுத்தைப் படிக்க முடிகிறது, படித்தால் வேறு செய்தி சொல்கிறது.

மரபணு மட்டுமே மூலகாரணமாக உள்ள நோயும் உண்டு. அரிவாள் செல் சோகை அப்படிப்பட்டது. இரத்தச் சிவப்புப் புரதத்தின் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்துக்குரிய மூன்றெழுத்து ஜி.ஏ.ஜி. என்பதற்குப் பதிலாக ஜி.டி.ஜி. என்று வந்துவிடுகிறது. ஓர் எழுத்துப் பிழை! குளூட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வாலின் வந்து உட்காரும். அதனால் வட்டமான சிவப்பணு அரிவாளாய் வளைந்து, மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்ளும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் சுமப்பவர்; பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் நலமாகவே இருப்பார். மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பும் கிடைக்கும்.

நலமாக இருந்தவர்களையும் விட்டார்களா? டுபாண்ட் கம்பெனி கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்கும்போது இந்தச் சோதனையைச் செய்தது என்று 1980இல் நியூயார்க் டைம்ஸ் ஏடு வெளியிட்டது. அவர்களே கேட்டதால் செய்தோம், வேலையை மறுப்பதற்காக அல்ல என்றது கம்பெனி. அமெரிக்க விமானப்படைக் கல்லூரியோ 1981 வரை சுமப்பவர்களுக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 2008இல்தான் அந்நாட்டில் மரபணுவைக் காட்டி வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு செய்யக்கூடாதென்று சட்டம் வந்தது. ஆயுள் காப்பீட்டை அந்தச் சட்டமும் தொடவில்லை.

இந்தியாவில் இந்த அரிவாள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்ட இடம் எது தெரியுமா? நம் நீலகிரி. 1952இல், மலைவாழ் மக்களிடையே. எழுபது ஆண்டு கழித்து, 2023 ஜூலை முதல் நாள், மத்திய அரசு ஒழிப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதித்து ஆளுக்கோர் அட்டை கொடுப்பது திட்டம். 2047க்குள் நோயை ஒழிப்பது இலக்கு. வரவேற்கிறோம். நோயுற்ற குழந்தைக்கு மாத்திரை நேரத்தில் கிடைக்க அட்டை உதவும். அதே 2023இன் டிசம்பரில் மரபணுவையே திருத்தும் மருத்துவம் ஒன்றுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. விலை 22 லட்சம் டாலர். 36 இரயில்வேத் தொழிலாளர்களுக்காக ஒதுக்கிய அதே தொகை, ஒரே ஒரு நோயாளிக்கு! மலையில் இருப்பவன் கைக்கு அது எட்டும் நாளைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அவன் கையில் இருக்கும் அட்டையைப் பற்றிப் பேசுவோம்.

அந்த அட்டையோடு ஒரு மலைவாழ் இளைஞன் கீழே இறங்கி, ஆலை வாசலில் வேலை கேட்டு நிற்கிறான். "அட்டையைக் காட்டு" என்கிறார் மேஸ்திரி. சுமப்பவன் என்று எழுதியிருக்கிறது. திருப்பி அனுப்பினால் யாரிடம் போவது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரிவாள் செல் நோயுற்றவரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நலமாக உள்ள சுமப்பவருக்கு அதில் இடமில்லை. வேலைக்கு எடுப்பவன் மரபணுவைக் கேட்கக்கூடாது என்று தனித்துச் சொல்லும் சட்டம் நம்மிடம் இல்லை. அதைக் கேட்க வேண்டியது சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும். அதுவரை சங்கங்கள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: ஆலையில் மருத்துவப் பரிசோதனை என்று ஊசியோடு வருகிறவர்களிடம், எடுக்கும் இரத்தத்தில் என்னென்ன சோதனை, முடிவு யார் கைக்குப் போகும் என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு கையை நீட்டச் சொல்லுங்கள்.