சளிக்கு சிரப் எதற்கு?

2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதைத் தொடாதவர்கள். சாதாரண சளி, இருமல், காய்ச்சலுக்காக அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ‘கோல்ட்ரிஃப்’ சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். பிரேக் ஆயிலிலும் சாயத் தொழிலிலும் பயன்படும் இந்தத் திரவம் இனிக்கும். அதனால் குடிக்கும் குழந்தைக்குத் தெரியாது, கொடுக்கும் தாய்க்கும் தெரியாது. அதன்பிறகு நடந்த விவாதம் பெரும்பாலும் ஆலை, ஆய்வு, உரிமம், கைது ஆகியவற்றைச் சுற்றியே இருந்தது. அவை நடந்தே ஆக வேண்டிய விவாதங்கள். ஆனால் இன்னொரு கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. அந்த பாட்டிலில் நஞ்சே கலக்காமல் இருந்திருந்தாலும், அந்தக் குழந்தைகளுக்கு அந்த மருந்து தேவைப்பட்டதா? தேவைப்படவில்லை என்பதே என் பதில்.

அந்த சிரப்பில் சேர்க்கப்பட்டிருந்த மருந்துகள் மூன்று: பாரசிட்டமால், குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின். முதலாவது காய்ச்சலைத் தணிக்கும். அதைத் தனியாகவே கொடுக்கலாம். இரண்டாவது ஒவ்வாமைக்கான பழைய மருந்து. மூக்கு ஒழுகுவதைக் கொஞ்சம் குறைக்கும், தூக்கத்தை வரவழைக்கும். மூன்றாவது மூக்கடைப்புக்கு. ஆனால் பினைல்எஃப்ரினை வாய்வழி உட்கொண்டால் மூக்கடைப்பு குறைவதில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. மறு ஆண்டு நவம்பரில், கடைகளில் சீட்டு இல்லாமல் விற்கும் மருந்துகளிலிருந்து அதை நீக்கலாம் என்று அந்த நிர்வாகமே முன்மொழிந்தது. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில், குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டது. சிந்த்வாரா சாவுகளுக்குப் பிறகு மத்திய சுகாதார இயக்குநரகம், இரண்டு வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்துகளை எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதற்கில்லை என்று அறிவுறுத்தியது. சாவுகளுக்கு முன்பே வந்த 2023 உத்தரவு காகிதத்தில் இருந்தது. பாட்டில் குழந்தையின் வாய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடங்கும். இருமல் மட்டும் சில குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரம்கூட இழுக்கும். மூச்சுக்குழாயில் சேர்ந்த கோழையை வெளியே தள்ளுவதற்கு உடம்புக்கு உள்ள வழி இருமல். அதை மருந்தால் அடக்குவது எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. சிரப் கேட்டதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் எளிது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மருந்துக்கடைக்குப் போகிறோம். ஆறாம் நாள் சளி குறைகிறது. தானாகக் குறைந்திருக்க வேண்டியதற்கு சிரப்பை நன்றியோடு நினைவில் வைத்துக்கொள்கிறோம். அடுத்த மழைக்காலத்தில் சீட்டு இல்லாமலே அதே பெயரைச் சொல்லி வாங்குகிறோம்.

‘நாங்கள் எல்லாரும் குடித்து வளர்ந்தவர்கள்தானே’ என்பார்கள். வளர்ந்தோம், உண்மை, மருந்தால் வளர்ந்தோம் என்பதற்கு அது சான்றாகாது. ‘இரவெல்லாம் இருமும் பிள்ளையை எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது’ என்ற கேள்வி அதைவிடக் கனமானது. மறுநாள் கூலி வேலைக்குப் போக வேண்டிய தாய்க்கு அந்த இரவு சிறிய விஷயமில்லை. சும்மா இருக்கச் சொல்லவில்லை. உப்புநீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டால் அடைப்பு இளகும். அடிக்கடி பாலோ வெதுவெதுப்பான நீரோ கொடுக்கலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும்முன் அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்துகள் பச்சிளங்குழந்தையின் குடலில் பெருகி நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். கைவைத்தியம் என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பு ஆகிவிடாது. கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும், மூக்கில் தைலம் தடவுவதும் ஆபத்து. கற்பூரம் உடம்புக்குள் போனால் வலிப்பு வரலாம். கொதிக்கும் பாத்திரத்துக்கு முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்கவைத்து, வெந்து போன பிள்ளைகள் எத்தனையோ.

இப்படிப் பேசுவது ஆலையின் குற்றத்தைப் பெற்றோர் தலையில் கட்டுவது ஆகாதா? இந்த ஆட்சேபம் நியாயமானது. இதே நஞ்சு 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மறு ஆண்டே அங்கு புதிய மருந்துச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1972இல் சென்னை, 1986இல் மும்பை, 1998இல் குருகிராம், 2020இல் ஜம்மு என்று அது திரும்பத் திரும்ப வந்தது. 2022இல் இந்தியாவில் தயாரான சிரப்புகளோடு தொடர்புபடுத்தப்பட்டு காம்பியாவில் ஏறக்குறைய எழுபது குழந்தைகள் இறந்தன. மருந்தில் சேர்க்கும் கரைப்பானை ஒவ்வொரு பீப்பாயாகச் சோதிக்க வேண்டியது ஆலையின் கடமை. அதைச் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டியது அரசின் கடமை. இதில் பெற்றோருக்குப் பங்கே இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகத் திருந்தாத ஒரு ஏற்பாட்டை நம்பி, பயனில்லாத மருந்தை ஏன் வாங்க வேண்டும்? உயிர்காக்கும் மருந்தென்றால் அந்த ஆபத்தையும் சுமந்தாக வேண்டும். சளி சிரப்புக்காகச் சுமக்க ஒரு காரணமும் இல்லை.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தேவைப்படும். அங்கேதான் வீட்டில் பெரிய தவறு நடக்கிறது. பச்சிளங்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் ஒரு மில்லிக்கு 25தான். பெயர் ஒன்றே, வீரியம் நான்கு மடங்கு. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் கல்லீரலுக்குக் கேடு. சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு, பாட்டிலோடு வரும் மூடியையோ சிரிஞ்சையோ எடுங்கள். சளி மாத்திரை விழுங்கும் பெரியவர்களும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அதில் ஏற்கெனவே பாரசிட்டமால் இருக்கக்கூடும், தலைவலிக்கென்று இன்னொன்று போட்டால் இரட்டிப்பாகும். குளோர்பெனிரமின் இருந்தால் வண்டி ஓட்டாதீர்கள்.

மருத்துவரே சிரப் எழுதினால், ‘இது இல்லாமல் சரியாகாதா?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. குழந்தை மூச்சு வாங்கினாலோ, மூச்சை உள்ளிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, எந்த மருந்தையும் தேடி நேரம் போக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ஏதாவது சிரப் குடித்த குழந்தை ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே போங்கள். அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.