தாத்தாவுக்கு ஸ்கேன்

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற ஆசாமி நான். பேங்க்கில், ரயில்வே ஸ்டேஷனில் யாராவது செல்போனோடு மல்லுக்கட்டினால் 'இப்படிக் கொடுங்க சார்' என்று வாங்கி டக்டக்கென்று தட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையோடு நகர்கிற டைப். அந்த கர்வத்துக்கு ஆப்பு வைத்தது ஓர் ஆப்.

அப்பாவுக்கு வயிற்றில் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். 'எங்க ஆப்லயே ரிஜிஸ்டர் பண்ணிடுங்க, க்யூவே கிடையாது' என்றார்கள் ஆஸ்பத்திரியில். (பெயர் வேண்டாம். பெரிய ஆஸ்பத்திரி, ஏ.சி. பலமாக இருக்கும்.) ராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்தேன்.

முதல் பெயர்: கோதண்டபாணி. அடுத்த கட்டம் லாஸ்ட் நேம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். காலியாக விட்டேன். 'இது கட்டாயம்' என்றது. அப்பாவின் இனிஷியல் 'ஆர்' போட்டேன். 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்.' கூடவே ஒரு புள்ளி வைத்தேன். 'எழுத்துகள் மட்டும்.' சரிதான் போ என்று மறுபடி கோதண்டபாணியையே அடித்தேன். 'முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றாக இருக்கக் கூடாது.' இதை உட்கார்ந்து யோசித்து எழுதினவன் யாரோ, கில்லாடி!

கடைசியில் இனிஷியலை விரித்து 'ராமசாமி' என்று அடித்தேன். பச்சை டிக் விழுந்தது. ராமசாமி என் தாத்தா. 1987-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் காலை 8 மணிக்கு அப்பா வெறும் வயிற்றோடு நாற்காலியில், கையில் பேப்பர். நான் பில் கவுண்ட்டரில் நின்றேன். (ஆமாம், அங்கே க்யூ உண்டு.) திரும்பி வந்தபோது மணி ஒன்பதே கால். அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. சுகர்காரர். நர்ஸ் பெண் ஓடிவந்து க்ளூகோஸ் கரைத்துக் கொடுக்க, பத்து நிமிஷத்தில் முகம் தெளிந்தது. அந்தப் பத்து நிமிஷத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

"மூணு தடவை கூப்பிட்டோமே சார், யாரும் வரலையே" என்றாள் அந்தப் பெண்.

"ஏம்ப்பா, கூப்பிட்டாங்களாமே?"

"யாரை? 'மிஸ்டர் ராமசாமி, ரூம் நம்பர் 4'ன்னுதான் கூப்பிட்டான். எங்கப்பா பேருக்கு நான் எப்படிடா எழுந்திரிப்பேன்? வேற யாரோ ராமசாமின்னு நெனச்சேன். பாவம், எங்க போயிட்டாரோன்னு சுத்திமுத்திகூடப் பார்த்தேன்!"

ஸ்கேன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. பெயரைத் திருத்த ஆப்பில் வழியில்லை. ஹெல்ப் லைனுக்குப் போன் செய்தால், "முதல்ல உங்க லாஸ்ட் நேம் சொல்லுங்க சார்."

இனிஷியல்காரர்களுக்கு இது பழகிப்போன வியாதி. இத்தனைக்கும் நம் பாஸ்போர்ட்டிலேயே சர்நேமைக் காலியாக விடலாம். பாஸ்போர்ட்டின் அடியில் மெஷின் படிக்கிற வரியில் பெயருக்கு 39 இடம்; ஒரே பெயர்தான் என்றால் அதை மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ள உலக விதியே இடம் தருகிறது. அமெரிக்க விசாதான் கொஞ்சம் வம்பு. ஒற்றைப் பெயர்க்காரரின் பெயரை சர்நேம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அடித்துவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அங்கே போன என் நண்பனை ஆபீஸில் ஒரு மாசம் 'ஹாய் ஃப்னூ' என்றே கூப்பிட்டார்களாம். இவனும் பொறுப்பாகத் திரும்பிப் பார்த்திருக்கிறான்.

அந்தக் கடைசிக் கட்டம் நம்மூரில் சும்மா காலியாகிவிடவில்லை. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதியை ஒட்டிக்கொள்வதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். ஒரு தலைமுறையே மெனக்கெட்டு அந்த வாலை வெட்டியது. இப்போது ஒரு சிவப்பு நட்சத்திரம் வந்து 'எங்கேய்யா வால்?' என்கிறது.

இப்படியெல்லாம் மனசுக்குள் கோபமாகப் பேசிக்கொண்டே அன்று ராத்திரி ஆபீஸ் லாப்டாப்பைத் திறந்தேன். எங்கள் கம்பெனி எழுதிக் கொடுத்த ஒரு விண்ணப்பப் படிவம் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் லாஸ்ட் நேம் வரியைத் தேடினேன். கட்டாயம். குறைந்தது இரண்டு எழுத்து. புள்ளி கூடாது.

யார் எழுதியது என்று பார்த்தேன். 2011 மார்ச். என் பெயர். இனிஷியலோடு.

வேடிக்கை என்னவென்றால், 2010-ல் பாட்ரிக் மெக்கென்ஸி என்ற புரோகிராமர், பெயர்களைப் பற்றி நம்மவர்கள் நம்புகிற தப்பான சங்கதிகள் என்று நாற்பது அயிட்டம் பட்டியல் போட்டார். எல்லாருக்கும் குடும்பப் பெயர் இருக்கும் என்பதும் அதில் ஒன்று. படித்துச் சிரித்து நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன். அடுத்த வருஷம், ஏதோ வெளிநாட்டு ப்ராஜெக்ட்டிலிருந்து படிவத்தை அப்படியே காப்பியடித்து ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

அந்த மூன்று வரியையும் தூக்கிவிட்டு டெஸ்ட்டிங்குக்கு அனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது: 'லாஸ்ட் நேம் இல்லாமலே படிவம் ஏற்றுக்கொள்கிறது. சீரியஸ் பிழை.' அனுப்பிய பையனின் பெயர் எஸ். முருகன்.

"ஏம்ப்பா முருகா, உன் லாஸ்ட் நேம் என்ன?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "எஸ்ஸுதான் சார். ஆனா அது ஃபர்ஸ்ட்ல வருது."

அடுத்த வாரம் மறுபடி ஆஸ்பத்திரி. இந்தத் தடவை பாக்கெட்டில் க்ளூகோஸோடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். 'மிஸ்டர் ராமசாமி, ரூம் நம்பர் 4' என்றது ஸ்பீக்கர். நான் தொடுவதற்குள் அப்பா சட்டென்று எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார்.

அரை மணி கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார்.

"ஒண்ணும் பயமில்லையாம்டா. எங்கப்பாவுக்கு லிவர் நல்லா இருக்காம்."