வந்த மரங்களும் வந்த மனிதர்களும்

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. “நாம் பிழைக்க வந்தவர்கள், ஊர் விவகாரம் நமக்கெதற்கு?” தெருவோர மரம் ஒன்று வெட்டப்படும்போதும் இதே பேச்சைச் சொல்லிவிட்டு வாசற்கதவைச் சாத்திக்கொள்கிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து. அதற்குச் சாட்சியாக இந்த ஊரின் மரங்களையே அழைக்கிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் தபேபுயா, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது. அதையடுத்து நீலப் பூச்சொரியும் ஜகரண்டா தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. சித்திரை வெயிலில் தீப்பற்றியதுபோல் நிற்கும் குல்மொஹருக்குப் பிறந்தகம் மடகாஸ்கர் தீவு. மாலையானாலும் மேகம் மூடினாலும் இலைகளை மடக்கிக்கொள்ளும் தூங்குமூஞ்சி மரமும் கடல் கடந்து வந்ததுதான். பெங்களூரின் அழகு என்று நாம் உறவினர்களுக்குக் காட்டும் மரங்களில் பல, நம்மைப்போல் வெளியூர்க்காரர்களே!

ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாகுக்கு 1908இல் பொறுப்பேற்க வந்தவர் கிரும்பிகல் என்ற ஜெர்மானியர். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் மற்றொன்று பூக்கவேண்டும், எந்த மாதத்திலும் நகரம் பூவில்லாமல் இருக்கக்கூடாது என்று திட்டமிட்டு மரங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவர். 1956இல் இந்த ஊரிலேயே காலமானார். வந்த ஊரைச் சொந்த ஊராகக் கருதிய மனிதர்.

மண்ணின் மரங்களோ நமக்குப் பழைய உறவு. நம் வேம்பு கன்னடத்தில் ‘பேவு’, புங்கை ‘ஹொங்கெ’, பலா ‘ஹலசு’, வாகை ‘பாகே’. அத்தி அங்கும் அத்திதான். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அவர்கள் ‘அரளி’ என்பது நம் அரச மரத்தை. நம் அரளியோ நஞ்சுள்ள செடி.

“அத்தி பூத்தாற்போல” என்கிறோம். உண்மையில் அத்தி பூக்காமல் இல்லை. நாம் காய் என்று நினைக்கும் உருண்டைக்குள்ளேதான் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் ஒளிந்திருக்கின்றன. கொசுவைவிடச் சிறிய குளவி ஒன்று அதற்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்கிறது. ஆலுக்கு ஒரு வகைக் குளவி, அரசுக்கு வேறொரு வகை. குளவி இல்லையேல் மரத்துக்கு விதை இல்லை. மரம் இல்லையேல் குளவிக்கு வாழ்வில்லை. இத்தனை விந்தையும் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஓர் அரச மரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறோம்?

தேவனஹள்ளிக்கு அருகே நல்லூர் என்ற ஊரில் சுமார் 54 ஏக்கரில் பழம்பெரும் புளியந்தோப்பு ஒன்று இருக்கிறது. சோழர் காலத் தோப்பு என்பது வழிவழிச் செய்தி. 2007இல் இந்தியாவின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது இதுதான். விமான நிலையத்துக்குப் போகும் நம்மவர் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை.

“ஒரு மரம் போனால் பத்துக் கன்று நட்டால் போயிற்று” என்பார்கள். கன்று நடுவது நல்லதுதான். ஆனால் ஐம்பது ஆண்டு வளர்ந்த மரத்தின் நிழலையும் பறவைக் கூட்டையும் கன்று தர இன்னும் ஐம்பது ஆண்டு வேண்டும். அதுவும், அது பிழைத்தால்!

மரத்தைக் கொல்லக் கோடரிதான் வேண்டுமென்பதில்லை, சிமெண்ட் போதும். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் பரவியிருக்கின்றன. அவற்றுக்கு நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். என் தெருவில் ஒரு வீட்டார் கார் நிறுத்த வசதியாகப் புங்கையின் அடிவரை சிமெண்ட் பூசினார்கள். இரண்டே கோடையில் உச்சிக்கிளைகள் காய்ந்துவிட்டன. குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி ஒருபக்க வேரை வெட்டிவிடுகிறோம். கோடைமழைக் காற்றில் மரம் சாய்ந்ததும் “ஆபத்தான மரம்” என்று பழியை அதன்மேல் போடுகிறோம். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு உத்தரவிட்டது. அந்த நியாயம் நம் தெருவுக்கும் பொருந்தும் அல்லவா?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சில வகைகள் நீங்கலாக, சொந்த வளாகத்து மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். மக்கள் ஒன்றுகூடினால் பலன் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. ஹெப்பாள் வரை இரும்பு மேம்பாலம் கட்ட எண்ணூறுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டவிருந்தார்கள். 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்துச் சாலையில் நின்றார்கள். 2017 மார்ச்சில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. மரத்துக்காக வந்து நிற்பவரிடம் தாய்மொழி எது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

நம் சங்க அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். வாசல் மரத்தின் அடியில் மூன்றடிக்கு மண்ணைத் திறந்து வையுங்கள். அதன் பெயரைத் தமிழிலும் கன்னடத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த குடும்பச் சுற்றுலாவுக்கு நல்லூர்ப் புளியந்தோப்பைச் சங்கம் தேர்ந்தெடுக்கட்டும்.

மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் இந்த ஊருக்கு நிழல் தர யாரிடமும் உரிமை கேட்கவில்லை. நாமும் கேட்கத் தேவையில்லை. கோடை வருமுன் வாசல் சிமெண்டைக் கொஞ்சம் உடைத்துவிட்டால் போதும்.