கூடம் கோணலாக இருந்தால்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. குறையைத் தன்னிடம் தேடாமல் கருவியிடமும் இடத்திடமும் தேடுகிறவர்களை ஒரே வரியில் வாயடைக்கச் செய்யும் சொல் அது. ஆனால் அந்தப் பழமொழி ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால்? ஆடத் தெரிந்தவள் சமாளித்துக்கொள்வாள். இப்போதுதான் ஆடக் கற்றுக்கொள்கிறவள் என்ன செய்வாள்? தடுமாறியது தன் காலா, தரையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வியை, இலக்கியப் பக்கங்களில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளோடு பொருத்திப் பார்க்க விரும்புகிறேன். களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் பயன்படும் தோட்டாவே அந்தப் பொருள்.

துப்பாக்கி என்றதும் முகம் சுளிக்கும் நண்பர்கள் உண்டு. நான் பேசப்போவது வேட்டையைப் பற்றியல்ல. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மேற்கே தெரியும் மலைகளில் ஒரு பகுதி ஒருகாலத்தில் சிங்கம்பட்டி ஜமீனின் காடாக இருந்தது. 1988இல் களக்காடு, முண்டந்துறை சரணாலயங்களை இணைத்துப் புலிகள் காப்பகம் உருவானது. அதற்கு முன்பே, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைத் துப்பாக்கியின் பெருமிதம் முடிவுக்கு வந்துவிட்டது. முடிந்தது நல்லதே. ஆனால் அதே இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு, ஓர் உயிரையும் கொல்லாத மறுபிறவி ஒன்று வாய்த்திருக்கிறது. பறவைக்குப் பதிலாகப் பறக்கும் ஒரு சிறு தட்டு; சுடுகிறவரின் கண்ணுக்கும் கைக்கும் மட்டுமே பரீட்சை.

ஒலிம்பிக்கில் இதன் முதன்மையான வடிவத்துக்கு ‘டிராப்’ என்று பெயர். 110 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 105 கிராம் எடையும் கொண்டது தட்டு. பெயரில்தான் களிமண் இருக்கிறது. இன்று அது சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்து வார்க்கப்படுகிறது. சுடுகிறவருக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து எந்திரம் அதை வீசும். எந்தப் பக்கமாக எழும் என்பது முன்கூட்டித் தெரியாது. தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டாக்கள் வரை அனுமதி. கண்ணுக்குத் தெரியும்படி ஒரு துண்டு உடைந்து விழுந்தாலே போதும், அது ஒரு புள்ளி. உலகத் தரப் போட்டிகளில் இறுதிச் சுற்றுக்குள் நுழைபவரையும் வெளியே நிற்பவரையும் பிரிப்பது பெரும்பாலும் ஓரிரு தட்டுகள்தாம்.

இனி தோட்டாவுக்கு வருவோம். பித்தளை அடியுடன் கூடிய பிளாஸ்டிக் கூடு. அடியில் பற்றவைக்கும் கேப்பு. அதன் மேல் வெடிமருந்து. மருந்தையும் ரவையையும் பிரிக்கும் கிண்ணம் போன்ற தக்கை. அதற்குள் ஆண்டிமனி சேர்த்துக் கடினமாக்கிய ஈய ரவைகள். மேலே விசிறி மடிப்பாக மூடிய வாய். இவ்வளவுதான். ரவையின் எடை 24 கிராம், அரைக் கிராம் வரை கூடலாம் என்பது சர்வதேச விதி. 2.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரவைகள் என்றால் ஒரு தோட்டாவில் சுமார் 300 இருக்கும்.

முந்நூறு என்றதும் நிறைய என்று தோன்றும். ஒரு சிறு கணக்குப் போடுவோம். தோட்டாவைச் சோதிக்கிறவர்கள் வழக்கமாக 30 அங்குல விட்டமுள்ள வட்டத்தைத் தாளில் வரைந்து, தொலைவிலிருந்து சுட்டு, அதற்குள் விழுந்த துளைகளை எண்ணுவார்கள். அந்த வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 4,560 சதுர சென்டிமீட்டர். 300 ரவைகளும் வட்டத்துக்குள்ளேயே சமமாகப் பரவின என்று வைத்துக்கொண்டாலும் 15 சதுர சென்டிமீட்டருக்கு ஒரு ரவைதான். விளிம்பு மட்டும் தெரியும்படி விலகிப் பறக்கும் தட்டு நமக்குக் காட்டும் பரப்போ 27 சதுர சென்டிமீட்டர் அளவே. ஆக, அதன்மேல் சராசரியாக விழக்கூடியவை இரண்டுக்கும் குறைவான ரவைகள். உண்மையில் ரவைகள் நடுவில் நெருங்கியும் ஓரத்தில் விலகியும் விழும். ஈயம் மிருதுவாக இருந்து, குழலுக்குள் நசுங்கிய ரவைகள் திசை மாறினால் அந்தப் பரவலில் ஓட்டைகள் விழும். மிகச் சரியாகக் குறிவைத்த தட்டு அந்த ஓட்டை வழியே முழுசாகப் பறந்துபோகும்.

வேகத்திலும் இதே கதை. நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டிய ரவை 380 மீட்டரில் கிளம்பினால், 35 மீட்டர் தொலைவைக் கடக்கும்போது நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு அளவுக்குத் தாமதமாகும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் தட்டு அதற்குள் 10 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். தட்டின் அகலமே 11 சென்டிமீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பரவலின் நடுவில் இருக்க வேண்டிய தட்டு சற்று ஓரத்துக்குப் போகிறது, அவ்வளவே. இந்த வேறுபாடு ஒன்றினாலேயே தட்டு தப்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. பல வேளைகளில் உடையத்தான் செய்யும். ஆனால் உடைவதா தப்புவதா என்பது சுடுகிறவரின் கையைவிட்டு ஓரளவு நழுவிவிடுகிறது.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. மோசமான தோட்டா புள்ளிகளைக் குறைக்கிறது என்பது சிறிய தீங்கு. ஒன்றுபோல் ஒன்று இல்லாத தோட்டா, பிழை யாருடையது என்ற அறிவையே அழித்துவிடுகிறது. இதுதான் பெரிய தீங்கு. பிழை யாருடையது என்று தெரியாத இடத்தில் கற்றல் நிகழாது.

இதைப் புரிந்துகொள்ளக் கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்குத் துப்பாக்கி தேவையில்லை, அப்பளம் போதும். இந்த ஊர் அப்பளத்தின் பெயருக்குச் சுவையைக் காரணமாகச் சொல்வார்கள். அதைவிட அதன் ஒரே சீரான தன்மைதான் காரணம் என்பது என் எண்ணம். நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இட்ட அப்பளம் எண்ணெயில் விழுந்த உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஓரம் கருகும்போது நடு வேகாமல் நிற்கும். ஒரு கட்டில் முதல் அப்பளமும் கடைசி அப்பளமும் ஒரே மாதிரி பொரிய வேண்டும். அந்தக் கைப்பக்குவம் எப்படி வருகிறது? அப்பளம் இடக் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்குத் தினமும் ஒரே பதத்தில் இடித்த மாவு கிடைக்கிறது. உளுந்தும் பிரண்டைச் சாறும் காரமும் அளவு மாறாமல் இருக்கின்றன. ஆகவே அப்பளம் கோணினால் அது தன் கையின் கோணல் என்று அவளுக்கு உடனே தெரிகிறது, நாளை திருத்திக்கொள்கிறாள். மாவு தினம் ஒரு பதமாக இருந்திருந்தால் பத்து வருடம் இட்டாலும் அவள் கை படியாது. வேலை செய்திருப்பாள், கற்றிருக்க மாட்டாள்.

‘கைதேர்ந்தவனுக்கு எந்தத் தோட்டாவும் ஒன்றுதான்’ என்று சொல்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் அது கைதேர்ந்த பிறகு சொல்லும் வார்த்தை. தேர்வதற்கு முன்னால் அவர் எந்தத் தோட்டாவில் பழகினார் என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு நேர் எதிரான நோயும் ஒன்று உண்டு. தட்டு தப்பும்போதெல்லாம் தோட்டாவின் பெயரை மாற்றுவது. இந்த மாதம் ஓர் இத்தாலியப் பெட்டி, அடுத்த மாதம் ஓர் ஆங்கிலேயப் பெட்டி. பழமொழி கண்டிக்கும் ஆட்டக்காரி இவர்தான். ஒரே தொகுதி எண்ணில் வந்த நடுத்தரமான தோட்டாவை ஆண்டு முழுவதும் சுடுகிறவர், மாதம் ஒருமுறை மாறும் உயர்தரத் தோட்டாவைச் சுடுகிறவரைவிட வேகமாகக் கற்பார் என்பதே என் துணிபு. உயர்வு பிறகு வரட்டும்; முதலில் ஒருமை வேண்டும். தரை சமமானபின் ‘கோணல்’ என்று சொல்ல யாருக்கும் வாயிருக்காது. ஒரே சீரான தோட்டா நமக்குச் செய்யும் பேருதவி, நம் சாக்குப்போக்குகளைப் பறித்துக்கொள்வது.

நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். கட்கியில் உள்ள அரசு வெடிமருந்துத் தொழிற்சாலை நெடுங்காலமாகப் பன்னிரண்டு போர் தோட்டாக்களைத் தயாரித்து வந்திருக்கிறது. ‘சக்திமான்’ என்ற பெயர் உரிமத் துப்பாக்கி வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் தெரியும். 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது அந்தத் தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. பயிர்க்காவலுக்கும் தற்காப்புக்கும் வேண்டிய தோட்டா ஒரு வகை. முந்நூறு முறை சுட்டாலும் முந்நூறும் ஒன்றாக இருக்க வேண்டிய போட்டித் தோட்டா வேறு வகை. முன்னது வெடித்தால் போதும். பின்னது ஒன்றுபோல் வெடிக்க வேண்டும். நம் போட்டியாளர்கள் பெரும்பாலும் இறக்குமதித் தோட்டாக்களையே நம்பியிருப்பது இதனால்தான்.

இறக்குமதி எல்லோருக்கும் திறந்த வாசல் அல்ல. போட்டிகளில் குறிப்பிட்ட புள்ளிகளை எட்டி ‘ரினௌன்ட் ஷாட்’ என்ற தகுதி பெற்றவர்களுக்கு அதில் சலுகைகள் உண்டு. நியாயமான ஏற்பாடுதான் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் நல்ல தோட்டா வேண்டுமென்றால் நல்ல புள்ளி வேண்டும். நல்ல புள்ளி வேண்டுமென்றால் நல்ல தோட்டா வேண்டும். நீந்தத் தெரிந்தபின் ஆற்றில் இறங்கு என்று தாமிரபரணிக் கரையில் ஒரு பையனிடம் சொல்வது போன்றது இது. செலவையும் பாருங்கள். 25 தட்டுகள் கொண்ட ஒரு சுற்றுக்கு 50 தோட்டாக்கள் வரை செலவாகலாம். நாளுக்கு நான்கு சுற்று பழகினால் 200 வரை. சாதாரண உரிமதாரர் ஆண்டுக்கு எவ்வளவு வாங்கலாம் என்பதே உரிமத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே இந்த விளையாட்டின் வரலாற்றில் அரண்மனைகளும் படைமுகாம்களும் முன்நிற்பதில் வியப்பில்லை. பிகானிர் மகாராஜா கர்ணி சிங் 1962இல் கெய்ரோவில் நடந்த உலகப் போட்டியில், சமநிலைக்குப் பின் நடந்த மறுசுற்றில் தங்கத்தை இழந்து வெள்ளி வென்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இரட்டை டிராப் பிரிவில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் ராணுவ அதிகாரி. நம் பக்கத்தில் புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிராப் குழுப் போட்டியில் தங்கம் வென்ற மூவரில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் நின்றார். இவர்களுடைய திறமையையும் உழைப்பையும் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. சமமான கூடம் இவர்களுக்கு வாய்த்தது, இவர்கள் நன்றாக ஆடினார்கள். கூடம் வாய்க்காதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி.

இதற்கு ஒரு விடை ஏற்கெனவே இருக்கிறது. மத்தியப் பிரதேச அரசு போபாலில் ஒரு துப்பாக்கிச் சுடும் பயிற்சிக் கழகத்தை நடத்துகிறது. அங்கே பயின்ற மனீஷா கீர், மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 2018இல் சாங்வோனில் நடந்த உலகப் போட்டியில் இளையோர் டிராப் பிரிவில் வெள்ளி வென்றார். 2023இல் ஹாங்சோவில் பெண்கள் டிராப் குழு வெள்ளி வென்றபோது அந்தக் குழுவில் பாட்டியாலா அரச குடும்பத்தின் ராஜேஸ்வரி குமாரியும் மீனவர் மகளான மனீஷாவும் அருகருகே நின்றார்கள். அதே கழகத்தில் பயின்ற பிரீத்தி ரஜக் மூன்றாமவர். அந்த வரிசைக்காகவே அந்தப் பதக்கத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். அரசர் மகளும் மீனவர் மகளும் ஒரே தரையில் நின்றால், பிறகு மிஞ்சுவது கை மட்டும்தான்.

தமிழ்நாட்டிலும் இது முடியாத காரியமல்ல. மியூனிஷன்ஸ் இந்தியா போன்ற நிறுவனம் 24 கிராம் போட்டித் தோட்டாவை உருவாக்கி, ஒவ்வொரு தொகுதிக்கும் வேகத்தில் எவ்வளவு ஏற்ற இறக்கம், வட்டத்துக்குள் எத்தனை ரவைகள் என்ற சோதனைக் கணக்கைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். பாதுகாப்பானது என்ற முத்திரை தோட்டா துப்பாக்கியை உடைக்காது என்று மட்டுமே சொல்கிறது. அது சீரானது என்று சொல்வதில்லை. மாநில விளையாட்டு ஆணையம் ஒரே தொகுதியில் தோட்டாக்களை மொத்தமாக வாங்கி, வெயிலும் ஈரமும் தாக்காத கிடங்கில் வைத்து, புதிதாகக் கற்கிறவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். வென்றவர்களுக்குக் கொடுப்பது வெகுமதி. கற்கிறவர்களுக்குக் கொடுப்பதுதான் முதலீடு.

நம் பள்ளிக்கூடங்களின் சோதனைச்சாலைத் தராசுகளையும், ஏழைக் குழந்தை கையில் கிடைக்கும் சுருதி சேராத வயலினையும் நினைக்கும்போது, இந்தத் தோட்டா விவகாரம் தோட்டாவோடு நிற்பதில்லை என்று தெரிகிறது. மட்டமான கருவியைக் கொடுத்துவிட்டு, ‘உனக்குக் கை வரவில்லை’ என்று சொல்லி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்! அவர்களில் பலர் அதை நம்பியும் இருப்பார்கள். ஆடத் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு உண்டு என்றால், அதற்கு முன்னால் ரசமட்டத்தை எடுத்துக் கூடத்தின் தரையை ஒருமுறை பார்த்துவிடும் கடமையும் உண்டு.